பெட்டிக்குள் இருப்பது

கானா நாட்டின் குமாசிச் சந்தையில் கணினி பழுதுபார்க்கும் ஒபிரி, கடைக்கு வருகிற யாரையும் மனிதராக மதித்ததில்லை. அந்த அம்மாள் உடைந்த திரையையும் தூசி படிந்த பெட்டியையும் மேசையில் வைத்ததும், திரையை இடக்கையாலேயே ஒதுக்கித் தள்ளினான்.

“திரை நொறுங்கிடுச்சு மாஸ்டர். உள்ள இருந்ததெல்லாம் போயிருக்குமா?”

“ஏன் ஆன்ட்டி, டி.வி. உடைஞ்சா அதுல செய்தி படிக்கிறவ செத்துடுவாளா? திரை சும்மா காட்டும், அவ்வளவுதான். இந்தப் பெட்டிக்குள்ள ப்ராசஸர்னு ஒண்ணு இருக்கு, அதுதான் யோசிக்கும். ஹார்டு டிஸ்க்தான் எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருக்கும். எவன் உடைச்சான் இதை?”

“இதோட சொந்தக்காரர்தான். எல்லாத்தையும் அழிச்சிட்டு உடைச்சாராம்.”

“சரியான முட்டாள். அழிச்சாலும் அவ்வளவு சுலபமா போயிடாது. நான் எடுத்துக் குடுக்கிறேன்.”

“எங்க ஆபீஸ்ல முடியாதுன்னுட்டாங்களே.”

“அவங்க படிச்ச லட்சணம் அது.” சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிய டிப்ளோமாவைக் கட்டைவிரலால் காட்டினான். “நான் அக்ராவுல முறையா படிச்சவன்.”

ஹார்டு டிஸ்க்கைக் கழற்றித் தன் கணினியில் மாட்டினான். அரை மணி நேரத்தில் அழிந்துபோன கோப்புகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. முதல் கோப்பைத் திறந்தான்.

ஒரு டிப்ளோமா. சுவரில் இருந்த அதே முத்திரை, அதே கையெழுத்து. பெயருக்கான இடம் மட்டும் காலி. அடுத்த கோப்பில் பெயரும் இருந்தது: ஒபிரி டார்கோ.

அந்த அம்மாள் போலீஸ் அடையாள அட்டையை எடுத்து விசைப்பலகையின் மேல் வைத்தாள்.

“இவ்வளவு வேலை தெரிஞ்ச நீ, எதுக்கு மாஸ்டர் காசு குடுத்து அந்த டிப்ளோமாவை வாங்குன?”