களத்து நாய்

"குடுக்கறது எது, திருடறது எதுன்னு நாய்க்கு எப்பிடிம்மா தெரியும்?"

மகள் ஒருமுறை கிருபாராணியிடம் இப்படிக் கேட்டாள்.

உத்தனப்பள்ளியில் நெற்களத்துக்குக் காவல் இருந்த திம்மராயன் இறந்த பிறகு, அவருடைய கறுப்பு நாயை அவள்தான் வீட்டுக்கு அழைத்து வந்தாள்.

யார் வந்தாலும் அது உள்ளே விடும். கையில் எதையாவது எடுத்துக்கொண்டு வெளியே போனால் மட்டும் வேலிப் படலை மறித்து நிற்கும்.

மோர் வாங்க வந்த வெள்ளையம்மாவால் சொம்பைக் கீழே வைத்துவிட்டுத்தான் போக முடிந்தது. "உன் நாய் எங்க மாமியாருக்குத் தங்கச்சிடி!"

லாரி ஓட்டும் கிருபாராணியின் கணவன் ஜான்பீட்டர் சிரிக்கவில்லை. "யார் மேலயாவது பல்லு பட்டுச்சுன்னா, அடுத்த லோடுல ஏத்தி அத்திப்பள்ளி தாண்டி எறக்கி உட்ருவேன்."

அதட்டிப் பார்த்தார்கள். கட்டிப் பார்த்தார்கள். கட்டினால் அது கஞ்சியைத் தொடாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் கிருபாராணி மற்றவர்களுக்கு முன்னால் வீடு திரும்பினாள்.

படலுக்கு உள்ளே, பக்கத்து வீட்டு ராஜாத்தி. எதிரே பல்லைக் காட்டிக்கொண்டு நாய்.

ராஜாத்தியின் இடுப்பில் ஒரு துணிமூட்டை. அதிலிருந்து கேழ்வரகு உதிர்ந்துகொண்டிருந்தது.

அது கிருபாராணியின் பானையில் இருந்த கேழ்வரகு.

ராஜாத்தி வீட்டு அடுப்பு புகையாததை இந்த வாரம் முழுக்கப் பார்த்தும் கேட்காமல் இருந்துவிட்டோமே என்று அவளுக்கு உறுத்தியது.

நாய் கடித்தால் நாய் போய்விடும். குரைத்தால் ராஜாத்தியின் மானம் போய்விடும்.

கிருபாராணி அதட்டவில்லை. அருகில் போய் மூட்டைக்கு அடியில் தன் கையைக் கொடுத்தாள்.

"அக்கா, நான்..."

"பேசாம நட புள்ள. கூடவே வரேன்ல."

நாய் மூட்டையைப் பார்த்தது. அதைத் தாங்கிய இரண்டு கைகளையும் பார்த்தது. பிறகு விலகி, நிழலில் போய்ப் படுத்தது.

மூட்டையைத் தாங்கியபடியே கிருபாராணி படலைத் தாண்டினாள்.

மழை பொய்த்த வருடம், ஆளில்லாத களத்தில், இதே நாய் அவளையும் மறித்தது. அவள் இடுப்பிலும் ஒரு மூட்டை இருந்தது. அங்கே வந்த திம்மராயன் ஒன்றும் கேட்கவில்லை. மூட்டைக்கு அடியில் கையைக் கொடுத்து ரோடு வரைக்கும் கூடவே நடந்தார். எஜமானைக் கண்டுதான் நாய் விலகியது என்று இத்தனை நாளும் அவள் நினைத்திருந்தாள்.

அன்று அவர் நடந்ததை, இன்று ராஜாத்தியின் வாசல்வரை அவள் நடந்து தீர்த்தாள்.

மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பியபோதும் தெருவில் யாரும் இல்லை.