மூணாவது புகார்

"அந்தப் பொண்ணு கை ஐஸ் மாதிரி இருக்கு. தொட்டா பாதி உயிர் போயிடுது. எழுதிக்கிட்டீங்களா?"

கட்டிலில் படுத்தபடியே சொன்னார் கண்டக்டர். பஸ்ஸை விட்டு எத்தனையோ வருஷமாச்சு. அந்தக் கட்டிடத்தில் இன்னும் அவருக்கு அதுதான் பேர். இடுப்பு உடைந்தபிறகு மூணாவது மாடியை விட்டு இறங்கியதில்லை. அவருடைய ரூட் இப்போது கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்கும்தான்.

சூப்பர்வைசரம்மா எழுதிக்கொண்டார். நர்ஸ் கதவோரம் நின்றாள்.

நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே போய் வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரி அது. வாரம் ஒரு தடவை நர்ஸ் வருவாள். பிரஷர், சுகர் பார்த்து, மாத்திரையைப் பிரித்து வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவாள். யார் மேலாவது புகார் வந்தால், அவருக்கு மேலே இருப்பவர் நேரில் வந்து விசாரிக்க வேண்டும். போனிலேயே முடிக்கக் கூடாது. மூணு புகார் வந்தால் வேலை போச்சு.

"உக்காருங்கம்மா. சீட்டெல்லாம் காலியாத்தான் இருக்கு."

இருந்ததே ஒரு நாற்காலி. போன தடவை விசாரிக்க வந்தபோது தூசி தட்டிவிட்டுத்தான் அந்தம்மா உட்கார்ந்தார். இப்போது மறுபடி அதே தூசி. தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

நர்ஸ் கேட்காமல் ஜன்னலைத் திறக்கிறாளாம். செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிறாளாம். அப்புறம் பேச்சு எங்கெங்கோ போனது. பக்கத்து வீட்டு டிவி சுவர் வழியாகக் கேட்குமாம். அதில் ஒரு மாமியார் செத்தாளா பிழைத்தாளா என்று தெரிவதற்குள் அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்களாம்.

"ஐயா, விஷயத்துக்கு வாங்க."

"வரேன், வரேன். அடுத்த ஸ்டாப் அதுதான்."

அந்தம்மா அவருக்குப் பிரஷர் பார்த்தார். திருப்பிப் படுக்கவைத்து முதுகைப் பார்த்தார். நாளெல்லாம் படுத்துக் கிடக்கிறவருக்கு ஒரு புண் இல்லை. நகம் வெட்டியிருந்தது. மாத்திரை டப்பா சரியாக இருந்தது. இவ்வளவு பார்த்துக்கொள்கிறவள் மேல் இத்தனை குறையா, என்ன மனுஷன் இவர் என்று தோன்றியது. ஆனால் விதி விதிதான்.

"இது மூணாவது புகார்மா. நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வர வேண்டாம்."

நர்ஸ் தலையாட்டினாள்.

கண்டக்டர் எழுந்து உட்காரப் பார்த்தார். முடியவில்லை.

"வேலையே போயிடுமா? இதை நீ சொல்லவே இல்லையேம்மா. சும்மா ரெண்டு திட்டு திட்டுவாங்க, அவ்வளவுதான்னியே."

"விடுங்கப்பா" என்றாள் நர்ஸ்.

"என்னத்தை விடறது? மேடம், இந்த வீட்ல போன் எங்க இருக்குன்னு காட்டுங்க பார்ப்போம்."

அந்தம்மா சுற்றிப் பார்த்தார். கட்டில், நாற்காலி, தண்ணீர்ச் சொம்பு. போன் இல்லை.

"இருக்கிற ஒரு போனையும் பையன் எடுத்துக்கிட்டு விடியறதுக்கு முன்னாடியே வேலைக்குப் போயிடுவான். ராத்திரி வந்து படுத்துடுவான், பாவம். மூணு புகாருக்கும் போன் போட்டுக் கொடுத்தது இவதான். கை ஐஸ்னு சொல்லச் சொன்னதும் இவதான். செருப்பு மட்டும் நானா சேர்த்தது."

அந்தம்மா நர்ஸைப் பார்த்தார். "உனக்கென்ன பைத்தியமா?"

"எனக்கு இவர்கூட உக்காந்து பேச நேரமில்ல மேடம். வெளிய எட்டு வீடு காத்துக்கிட்டு இருக்கு. போன வாரம் நான் பேசினதுக்கப்புறம் இந்த வாரம் நான் வந்துதான் பேச்சுக் குரலே கேக்குதுன்னார். புகார்னா நீங்க வந்து உக்காந்துதானே ஆகணும்?"

சுவருக்கு அந்தப் பக்கம் டிவி சத்தம்கூட இல்லை.

அந்தம்மா பேனாவைத் திறந்து, புகாரில் எழுதியிருந்த நர்ஸ் பேரை அடித்தார். நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஐயா, இந்தப் புகார் என் மேலன்னு மாத்திடலாம். விசாரிக்க வந்தவ மரியாதை இல்லாம பேசினான்னு சொல்லுங்க. அப்பத்தான் எங்க பெரிய டாக்டரே வந்து உக்காருவார்."