இரண்டு வாரம் லேட்

"இது உங்க மூக்கு இல்ல," என்றார் டாக்டர், மாஸ்க்குக்குள்ளிருந்து.

மாஸ்க்கைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த லேத் மெக்கானிக், தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி, எதுவுமே நடக்காதது போல அவர் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஆஸ்பத்திரியில சேர்றதுக்கு முன்னால மூக்குல குச்சி விட்டு எடுத்தது இருக்கே, அதைச் சொல்றேன்."

கொரோனாவிலிருந்து தேறியவர்களின் ரத்தத்தை வாரா வாரம் வாங்கி, ஆன்டிபாடி எப்போது தலைகாட்டுகிறது, எவ்வளவு ஏறுகிறது என்று படம் போடுவதுதான் டாக்டரின் ஆராய்ச்சி. நாற்பது பேருக்கு இரண்டாம் வாரமே கோடு ஏறிவிட்டது. இவருக்கு மட்டும் நான்காம் வாரம்.

பெரிய கண்டுபிடிப்பு சிக்கிவிட்டது என்று டாக்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஃப்ரீசரில் கிடந்த பழைய குச்சியை எடுத்துச் சோதித்தார். வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிட்டது.

"குச்சியில இருந்தது ஒரு பொம்பளையோட செல். அப்படின்னா, நீங்க வார்டுக்குள்ள வந்தப்போ உங்களுக்கு நோயே இல்ல. உள்ள வந்துதான் ஒட்டியிருக்கு. சரியா?"

"சரிதாங்க."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வார் என்று டாக்டர் நினைக்கவில்லை.

"எதுக்கு? சம்பளத்தோட லீவு கிடைக்கும்னா?"

மெக்கானிக் மனைவியை ஒரு பார்வை பார்த்தார்.

"மூச்சுத் திணறி, மூணு நாள் ஆக்சிஜன்ல கிடந்தீங்க. இது பொய் ரிப்போர்ட்னு நான் ஒரு வரி எழுதினா உங்க வேலையும் போயிடும். தெரியுமா?"

"தெரியுங்க."

"யாரோட குச்சி அது?"

மெக்கானிக் ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். முகத்தைப் பார்த்துப் பேசக்கூட யோக்கியதை இல்லை என்று டாக்டருக்கு எரிச்சலாக வந்தது.

"இவளோடதுதாங்க. இவளுக்குப் பாசிட்டிவ்னு வந்ததும், எனக்கும் பாக்கணும்னு சுகாதாரத் துறை ஆளுங்க வீட்டுல ஒரு குச்சி குடுத்துட்டுப் போனாங்க. அதையும் இவ மூக்குலயே விட்டுட்டேன். மறுபடியும் எதுக்குன்னு கேட்டா. அது இடது மூக்குக்கு, இது வலது மூக்குக்குன்னு சொல்லிட்டேன்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"ஆக, ரெண்டு பேரும் கூட்டு."

"ஐயோ, இவளுக்கு எதுவும் தெரியாதுங்க. தெரிஞ்சா என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவா."

"பக்கத்துல உட்கார்ந்து இவ்வளவு நேரமா கேட்டுக்கிட்டுத்தானே இருக்காங்க?"

"காது கேக்காதுங்க. பொறந்ததுலேருந்தே. உதட்டைப் பாத்துத்தான் எதையும் புரிஞ்சுக்குவா." மெக்கானிக் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார். "வார்டுல டாக்டர், நர்ஸ் எல்லாரும் மாஸ்க் போட்டு வாயை மூடிக்கிட்டுத்தான் இருப்பாங்க, நோயாளியைத் தவிர யாரையும் உள்ள விடமாட்டாங்கன்னு சொன்னாங்க. அத்தனை நாளும் இவ யார் உதட்டைப் பாக்கறது?"