ஆறாவது ஆள்

கடல் தாண்டும் பாய்மரப் படகுப் பந்தயத்துக்கு சொந்தக்காரக் குடும்பத்து ஆள் ஒருவராவது ஏறாமல் அந்தப் படகு முப்பது வருடமாகக் கிளம்பியதில்லை. இந்த வருடம் அந்தக் குடும்பத்து மகன் கால் முறிந்து மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தான். அவனுடைய கூட்டாளிகள் ஐந்து பேரை வழியனுப்பத் தகப்பனாரே சலவைச் சட்டையோடு துறைக்கு வந்தார்.

"கால் ஒடிஞ்சது அவனுக்கு. மூஞ்சி தொங்குறது உங்களுக்கா, ஐயா?" என்று சிரித்தான் படகுத் தலைவன்.

"போய் ஜெயிச்சுட்டு வா. அப்புறம் பேசு," என்றார்.

படகு வெளியேறும்போது தலைகளை எண்ணி, வழியனுப்ப வந்தவரிடம் கையெழுத்து வாங்குவது வழக்கம். பந்தய அதிகாரி தொலைநோக்கியை இறக்கினார்.

"ஆறு பேர் இருக்காங்க. பட்டியல்ல அஞ்சுதான். யாருங்க அது? பேர் இல்லேன்னா படகைத் திருப்பச் சொல்லணும்."

தகப்பனாரும் பார்த்தார். ஆறாவது ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு கயிறு இழுத்துக்கொண்டிருந்தான்.

அவர் மகனின் பெயரைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அந்த ஆள் திரும்பிக் கையசைத்தான்.

வீட்டிலிருந்து மனைவி போனில் கூப்பிட்டாள்.

"என்னங்க, பையனையும் கூட்டிட்டுப் போயிட்டீங்களா? கட்டில்ல மாவுக்கட்டு மட்டும் முழுசா கிடக்கு. எங்கேயும் வெட்டவே இல்லைங்க."