கிளை நுனியில் ஒரு பழம்

மலைப்பாதை வளைவில் செம்பி என்ற குரங்கு தன் ஒரே குட்டியான மொட்டுவை வளர்த்து வந்தாள். போகிற கார்களிலிருந்து வீசும் சிப்ஸையும் பிஸ்கட்டையும் ஓடிப் பொறுக்கி, கன்னத்தில் அடக்கிக்கொண்டு வந்து அவன் வாயில் ஊட்டுவாள்.

பக்கத்து அத்திமரத்துச் சடைச்சி வேறு மாதிரி. பழத்தைக் கிளை நுனியில் ஒளித்துவைத்துவிட்டு, "கண்டுபிடிக்கிறவங்களுக்குத்தான்" என்பாள். அவள் குட்டிகள் கூச்சல் போட்டுக்கொண்டு தாவும், விழும், மறுபடி ஏறும்.

"பெத்த பிள்ளைகளை இப்படியா பசியோட அலையவிடுவ?" என்று செம்பி கேட்பாள்.

"விளையாட்டுதானே அக்கா. மொட்டுவையும் அனுப்புங்க."

"விழுந்து வச்சான்னா? எனக்கு இருக்கிறது ஒண்ணே ஒண்ணு."

மலைக்கு அந்தப் பக்கம் புதுச்சாலை போட்டார்கள். வளைவில் கார் வருவதே நின்றுபோனது.

பசியில் அழுத மொட்டுவைச் செம்பி அத்திமரத்துக்குக் கூட்டிப்போனாள். ஒரு பழத்தை நுனியில் ஒளித்துவைத்துவிட்டு, சடைச்சி மாதிரியே குரலை இழுத்து, "எங்கே, கண்டுபிடி பார்க்கலாம்" என்றாள்.

மொட்டு அடிமரத்தைக் கட்டிக்கொண்டு நின்றான். உடம்பு கனத்தது, கால் மேலே எழவில்லை. "எங்க இருக்குன்னு உனக்குத்தான் தெரியுமேம்மா. நீயே எடுத்துட்டு வா" என்றான்.

சடைச்சி கேட்ட அன்றைக்கே அனுப்பியிருக்கலாம் என்று செம்பி நினைத்தாள்.

சடைச்சியின் கடைக்குட்டி ஒரே தாவலில் போய்ப் பழத்தை எடுத்து வந்து, பாதியை மொட்டுவிடம் நீட்டினாள்.

மொட்டு கையை நீட்டவில்லை. வாயைத் திறந்தான்.