இருநூற்றுப் பதினான்காவது பாட்டில்

"இந்த மண்ணு உங்க வயல்லேர்ந்து வந்ததா? இன்னொரு தடவை சொல்லு, கேப்போம்."

"எங்க வயல் மண்ணுதான் சார்."

"ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்! அந்தக் கொடிக்கம்பத்துக்குப் பின்னாடி குந்திக்கிட்டு, கொட்டாங்குச்சியால சுரண்டுனியா இல்லியா?"

"சுரண்டுனேன் சார்."

"அப்ப இது ஸ்கூல் மண்ணு."

"எங்க வயல் மண்ணுதான் சார். அது வந்து..."

"வாயை மூடு!"

ஏழாம் வகுப்பு கனிமொழி காலையிலிருந்து ஐந்து முறை 'அது வந்து' வரைக்கும் போய்விட்டாள். அதைத் தாண்ட அமிர்தலிங்கம் சார் விடவில்லை.

குடவாசல் சாலையிலுள்ள அந்த மெட்ரிக் பள்ளியில் அவர் இந்த ஆண்டுதான் சேர்ந்தார். சேர்ந்த வாரமே சுற்றுச்சூழல் மன்றத்தை அவர் தலையில் கட்டிவிட்டார்கள். அவரும் சும்மா இருக்கவில்லை. 'நம் வயல், நம் மண்' என்று ஒரு கண்காட்சி. பதினொரு மணிக்குப் பசுமைப் பள்ளி விருதுக் குழு வருகிறது. ஒவ்வொரு பிள்ளையும் சொந்த வயல் மண்ணை பாட்டிலில் கொண்டுவர வேண்டும் என்பது உத்தரவு. மைதானத்துப் பந்தலில் இருநூற்றுப் பதினான்கு பாட்டில்கள் வரிசையாக நின்றன. எல்லாம் புத்தம்புது பிளாஸ்டிக். மொத்த விலைக் கடையில் மன்றமே வாங்கிக் கொடுத்தது.

ஜவுளிக்கடை வீட்டு ஆஸிம், நர்சரியில் பாக்கெட்டாக வாங்கிய மண்ணைக் கொட்டி, 'பயிர்: ரோஜா' என்று எழுதியிருந்தான். ஷமா கொண்டுவந்தது மாடித் தொட்டி மண். 'பயிர்: கற்றாழை.' இரண்டுக்கும் சார் 'வெரி குட்' போட்டார். வயல் இல்லாத பிள்ளைகள் வேறு என்ன செய்யும், பாவம்.

கடைசி பாட்டில் கனிமொழியுடையது. 'பயிர்: நெல் (குறுவை, தாளடி)' என்று எழுதி ஒட்டியிருந்தாள்.

தகவல் போய், அவளுடைய அம்மா அம்சம் நூறு நாள் வேலையில் வாய்க்கால் தூர்வாரிய இடத்திலிருந்து மண்வெட்டியோடு ஓடி வந்தாள்.

"கும்புடுறேன் சார். புள்ளைக்கு உடம்புக்கு ஏதுமா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வாய்தான் சரியில்லை. அப்பா வரலையா?"

"அவங்க கத்தார்ல இருக்காங்க சார். ரோட்டோரமா புல்லு வளர்க்குற வேலை. தினம் ரெண்டு வேளை தண்ணி காட்டுறாங்களாம்."

"பாருங்க! மனுஷன் பாலைவனத்தைப் பச்சையாக்குறாரு. அவருக்குப் போய் இப்படி ஒரு பொண்ணு." சாருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. நடந்ததைச் சொன்னார். ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார்.

"'நான் பொய் சொன்னேன்'னு எழுதிக் கையெழுத்துப் போடணும். இல்லேன்னா டி.சி.யை வாங்கிட்டுக் கிளம்பட்டும். தாளாளரே சொல்லிட்டாங்க. விருது வாங்குற ஸ்கூல்ல திருட்டு மண்ணு இருக்கக் கூடாது."

"டி.சி.யா? இவ படிக்கணும்னுதானே சார் அவங்க அந்த வெயில்ல போய்க் கெடக்காங்க!"

"அப்ப எழுதச் சொல்லுங்க. மணி பத்தே முக்கால்."

அம்சம் மகளைத் தனியே இழுத்தாள்.

"எழுதிக் குடுத்துருடி. மூணு வார்த்தைதானே."

"நான் பொய் சொல்லலைம்மா. உனக்கே தெரியும்ல?"

"தெரியும்டி. தெரிஞ்சு என்ன பண்ண? பெரிய எடம். இன்னும் மூணு வருஷம் இங்கதான் படிக்கணும். எழுது."

கனிமொழி மூக்கை உறிஞ்சிக்கொண்டே தாளை வாங்கி எழுதினாள். சார் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். கையெழுத்து அழகாக இருந்தது. ஒரு வரியோடு விட அவருக்கு மனம் வரவில்லை.

"அப்படியே கீழ இன்னொரு வரி சேர்த்துக்க. 'எங்களுக்கு வயலே கிடையாது.' அப்பத்தான் காரணம் புரியும்."

அம்சம் பேனாவைப் பிடுங்கினாள்.

"அதை மட்டும் எழுதாதே."

"ஏம்மா, இதுல என்ன வந்துச்சு? இல்லாததை இல்லைன்னு எழுதுறதுக்கு..."

"இல்லைன்னு யாரு சார் சொன்னா? எங்க மாமனாரு, அவரு அப்பன், எல்லாரும் ஊரான் வயல்ல நாத்து நட்டே செத்தவங்க. மூணாவது தலைமுறையில நாங்க வாங்குனது சார். ஒரு ஏக்கர். எங்க பேருல பட்டா இருக்கு."

"பட்டாவைக் கரைச்சு பாட்டில்ல ஊத்த முடியுமா? வயல் இருந்தா அங்க போய் ஒரு கை மண்ணு அள்ள வேண்டியதுதானே?"

"அங்க அள்ளுறதுக்கு மண்ணு இல்லை சார். ஆள் ஆழத்துக்குப் பள்ளம்தான் இருக்கு."

"நல்லா இருக்கு கதை! மண்ணு இல்லாத வயலா? சரி, வண்டியை எடுக்கிறேன். எத்தனை கிலோமீட்டர்? நேர்ல பார்த்துட்டே வந்துருவோம், வாங்க."

"வண்டி எதுக்கு சார்?" என்றாள் அம்சம். "ஸ்கூல் மைதானம் பள்ளமா கெடக்கு, மழைத்தண்ணி நிக்குதுன்னு போன கோடையில உங்க தாளாளருதான் கேட்டு வந்தாங்க. விசாவுக்குப் பணம் கட்ட வேற வழியில்லாம இவ அப்பாவும் தலையாட்டிட்டாங்க. வெட்டி வெட்டி ஆயிரம் லாரி அடிச்சாங்க. இப்ப செருப்புக் காலோட நிக்கிறீங்களே, இதுதான் சார் எங்க வயலு."