குண்டன்

அவள் கை பாதியில் நின்றது.

விரலிடுக்கில் குண்டன். இழுத்தால் வந்துவிடுவான்.

ஏலத்தோட்டத்தில் களையெடுக்கும் பெண்கள் ஒரு களைக்கு வைத்த பேர் அது. ஆடிச் சாரலில் சருகை முட்டிக்கொண்டு வருவான். பிடுங்கினால் வேரோடு தடித்த கொட்டையும் சேர்ந்து வரும். மற்ற களையை எல்லாம் அவள் சும்மா பிடுங்குவாள். இவனை மட்டும் “வாடா குண்டா” என்று கூப்பிட்டுப் பிடுங்குவாள். அதில் அவளுக்கு ஒரு குஷி.

பதினெட்டு வருஷமாக.

பத்தடி தள்ளி, நேற்றே களையெடுத்து முடித்த குங்கிலிய மரத்தடியில், வனத்துறையிலிருந்து மரம் பார்க்க வந்த மேடம் மண்டியிட்டுச் சருகைக் கிளறிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து இதே வேலை.

இந்த மலையில் இந்த வகையில் மிஞ்சியது இது ஒன்றுதானாம். ஜீப் பாதையை அகலப்படுத்தப் போகிறார்கள். மரம் குறுக்கே நிற்கிறது. கன்று ஒன்று இருந்தால் போதும், பாதையை அந்தப் பக்கம் தள்ளச் சொல்லிவிடலாமாம்.

மேடம் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

“காய்க்குது, உதிருது. ஒரு கன்னுகூட இல்லையே. மலடாயிடுச்சு போல.”

சூப்பர்வைசர் தலையை ஆட்டினார். ரொம்பத் திருப்தியாக ஆட்டினார்.

அவள் குனிந்து குண்டனைப் பார்த்தாள். நீள இலை. நுனியில் செம்பு நிறக் கொழுந்து.

காற்றுக்கு ஒடிந்த கிளை ஒன்று பக்கத்தில் கிடந்தது.

அதே இலை. அதே கொழுந்து.

அடிப்பாவி!

வருஷத்துக்கு ஐம்பதா, நூறா? காய்த்துக் காய்த்துப் போட்ட மரத்துக்கு மலடு என்று பேர் வாங்கிக் கொடுத்தது இந்தக் கைதான்.

பக்கத்து நிரையிலிருந்து விருமாயி கத்தினாள். “என்னக்கா மெரண்டு போயி ஒக்காந்துட்ட? குண்டனுக்கெல்லாமா நேரம் பாக்குறது? பிடுங்கிப் போட்டு வா.”

சூப்பர்வைசர் இந்தப் பக்கம் திரும்பினார். களையை விட்டு வைத்தால் நாளைக்கு வேலை இல்லை.

இருக்கட்டும்.

“மேடம்! அது மலடு இல்ல மேடம். நாந்தேன் பிடுங்கிப் போட்டேன்.”

மேடம் சரிவில் வழுக்கிக்கொண்டே ஓடி வந்தார். அவள் விரலை ஒவ்வொன்றாக எடுத்தாள். குண்டன் ஒரு ஆட்டம் ஆடி, நிமிர்ந்து நின்றான்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

விருமாயி எட்டிப் பார்த்தாள். பிறகு தன் காலடியைப் பார்த்தாள்.

“இந்தா, இங்கன ஒண்ணு!”

அடுத்த நிரையிலிருந்து ஒரு குரல். “இங்கன ரெண்டு நிக்குது!”

கீழே, ஓடைக்கரையிலிருந்து இன்னொன்று.

“எங்கிட்ட ஒரு கூட்டமே இருக்கு, வாங்கடி!”

அன்று வேலை முடிந்து இறங்கும்போது யாரும் வேகமாக நடக்கவில்லை. காலைத் தூக்கி, கீழே பார்த்து, அப்புறம்தான் வைத்தார்கள்.

சூப்பர்வைசர்கூட.